நல்ல நிரலை ஆன்டிவைரஸ் தடுத்து நிறுத்தும்போது

உங்கள் கேள்வியின் சாரம் இது. அலுவலகத்தில் சில ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் சிறிய கணக்கு மென்பொருளின் புதிய பதிப்பை, அதை உருவாக்கியவரின் தளத்திலிருந்தே இறக்கினீர்கள். விண்டோஸ் டிஃபெண்டர் அதை ‘ட்ரோஜன்:வின்32/வக்காடாக்.பி!எம்எல்’ என்று சொல்லித் தனிமைப்படுத்திவிட்டது. ஒரு கோப்பைப் பல நிறுவனங்களின் ஆன்டிவைரஸ் எஞ்சின்களால் (சோதிக்கும் நிரல்களால்) ஒரே நேரத்தில் சோதித்துக் காட்டும் வைரஸ்டோட்டல் என்ற இணையச் சேவையில் ஏற்றிப் பார்த்தபோது, 70-ஐ ஒட்டிய எஞ்சின்களில் 5 மட்டும் சிவப்புக் காட்டின. உருவாக்கியவரைக் கேட்டால், ‘அது பொய் எச்சரிக்கை, எங்கள் ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்’ என்கிறார் (அந்தப் பட்டியலில் இருப்பதை ஆன்டிவைரஸ் சோதிக்காது). இவர் பேச்சை நம்பலாமா என்று கேட்கிறீர்கள்.

அவர் சொல்வது உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் அவர் சொன்னபடி செய்ய வேண்டாம். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. பொய் எச்சரிக்கை என்பது சோதித்துப் பார்த்து வந்து சேர வேண்டிய ஒரு முடிவு. எச்சரிக்கை வந்த கணமே, சோதனைக்கு முன்னாலேயே எடுத்துக்கொள்ளும் நிலைப்பாடாக அது இருக்கக் கூடாது. அந்தச் சோதனையை எப்படிச் செய்வது என்பதைச் சொல்வதற்கு முன், ஆன்டிவைரஸ் எந்த அடிப்படையில் ஒரு கோப்பைக் குற்றம்சாட்டுகிறது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது. ஏனெனில் எச்சரிக்கையின் எடை அந்த அடிப்படையைப் பொறுத்தே கூடவோ குறையவோ செய்கிறது.

மிகப் பழைய முறை, ஏற்கெனவே ஆய்வாளர்கள் கையில் சிக்கிய ஒரு தீநிரலின் (தீங்கு செய்ய எழுதப்பட்ட நிரலின்) ஹாஷ் மதிப்பையோ (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்ணையோ), அதற்குள் மட்டுமே காணப்படும் ஒரு பைட் தொடரையோ பட்டியலில் வைத்துக்கொண்டு ஒப்பிடுவது. ஹாஷ் பொருந்தினால் தவறுக்கு ஏறத்தாழ இடமே இல்லை. பைட் தொடர் பொருந்துவதில், அந்தத் தொடரை எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் பொறுத்துத் தவறு நேரலாம். ஆனால் தீநிரல் எழுதுபவர்கள் ஒவ்வொரு முறையும் கோப்பைச் சற்றே மாற்றி வெளியிடக் கற்றுக்கொண்ட பிறகு இந்த முறை மட்டும் போதாமல் போயிற்று. எனவே எஞ்சின்கள் ஊகத்துக்கு மாறின: இதுவரை கண்டிராத கோப்பாக இருந்தாலும், அதன் அமைப்பும் அது அழைக்கும் விண்டோஸ் செயல்கூறுகளும் ஓடும்போது அது நடந்துகொள்ளும் விதமும் பழைய தீநிரல்களை ஒத்திருந்தால் அதைச் சந்தேகிப்பது. இப்போது இந்த ஊகத்தின் பெரும்பகுதியை, நல்லதும் கெட்டதுமான எண்ணற்ற கோப்புகளைக் காட்டிப் பழக்கப்படுத்தப்பட்ட இயந்திரக் கற்றல் மாதிரிகள் செய்கின்றன. இவற்றோடு நற்பெயர்க் கணக்கும் உண்டு. அதாவது, இந்தக் கோப்பை உலகில் எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள், எவ்வளவு காலமாக அது புழக்கத்தில் இருக்கிறது, யார் அதில் டிஜிட்டல் கையொப்பம் (வெளியிட்டவர் யார் என்று காட்டும் மின்னணு முத்திரை) இட்டிருக்கிறார்கள் என்பதையெல்லாம் நிறுவனத்தின் சர்வரிடம் கேட்டுப் பார்ப்பது.

இப்போது உங்களுக்கு வந்த பெயரை எடுத்துப் படித்துப் பாருங்கள். ‘ட்ரோஜன்’ (நல்ல நிரல் போல் வேடமிடும் தீநிரல்) என்பது வகை. ‘வின்32’ என்பது அது ஓடும் தளம். ‘வக்காடாக்’ என்பது குடும்பப் பெயர். ஆனால் நடைமுறையில் அதற்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஏராளமான கோப்புகள் வந்து விழுவதைக் காணலாம். கடைசியில் ஆச்சரியக்குறிக்குப் பின் நிற்கும் ‘எம்எல்’ என்ற இரண்டு எழுத்துகள்தாம் இங்கே முக்கியம். இந்தத் தீர்ப்பு இயந்திரக் கற்றல் மாதிரி தந்தது என்பதை அவை சொல்கின்றன. ஓர் ஆய்வாளர் இந்தக் கோப்பைப் பிரித்துப் பார்த்து, இன்ன தீநிரல் என்று பெயரிட்டதாக அதற்குப் பொருள் இல்லை. மற்ற நிறுவனங்களின் பெயர்களில் ‘ஜென்’, ‘ஜெனரிக்’, ‘ஹியூர்’, ‘சஸ்பிஷியஸ்’ போன்ற சொற்கள் இருந்தாலும் ஏறத்தாழ இதே பொருள்தான். மாறாக, இரண்டு மூன்று பெரிய நிறுவனங்கள் ஒரே குறிப்பிட்ட குடும்பப் பெயரை, எடுத்துக்காட்டாகக் கடவுச்சொல் திருடும் ஒரு பெயர்பெற்ற தீநிரலின் பெயரை, தனித்தனியே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு நிதானமாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

சிறிய, நேர்மையான நிரல்கள் ஏன் இந்த வலையில் அடிக்கடி விழுகின்றன? அவை கட்டப்படும் விதம்தான் முதல் காரணம். கோப்பின் அளவைக் குறைக்க யூபிஎக்ஸ் போன்ற கருவியால் சுருக்கினால், உள்ளே இருக்கும் நிரல்வரிகள் வெளியிலிருந்து படிக்க முடியாத கலவையாகிவிடுகின்றன. தம்மை மறைத்துக்கொள்ள விரும்பும் தீநிரல்களும் அதையே செய்வதால், சுருக்கப்பட்ட கோப்பு என்றாலே சில எஞ்சின்கள் முகம் சுளிக்கின்றன. பைத்தானில் எழுதிய நிரலைப் பைஇன்ஸ்டாலர் வழியாக ஒரே கோப்பாக ஆக்கினால், அது ஓடத் தொடங்கும்போது தன் வயிற்றிலிருந்து பல கோப்புகளைத் தற்காலிக ஃபோல்டரில் விரித்துவைத்து, அங்கிருந்து அவற்றை இயக்குகிறது. தீநிரலை உள்ளே கொண்டுவந்து இறக்கும் கோப்புகளின் நடத்தையும் அச்சு அசல் இதுதான். போதாக்குறைக்கு, பைஇன்ஸ்டாலரின் தொடக்கத் துண்டு அதைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் பொது; பைத்தானில் தீநிரல் எழுதியவரின் கோப்பிலும் அதே துண்டு இருக்கும். அந்தத் துண்டிலிருந்து ஒரு பைட் தொடரை அவசரமாக எடுத்து அடையாளமாக வைத்துவிட்டால், அதன் பிறகு கணக்கு நிரலும் தீநிரலும் அந்த எஞ்சினுக்கு ஒன்றுதான். கோ மொழியில் தொகுத்த நிரல்களுக்கும் இந்தத் தொல்லை இருப்பதால், அந்த மொழியின் அதிகாரபூர்வக் கேள்வி-பதில் பக்கத்திலேயே இதற்கென ஒரு விளக்கம் இருக்கிறது: அவற்றின் அமைப்பை ஆன்டிவைரஸ்கள் அவ்வளவாகப் பார்த்துப் பழகவில்லை, எனவே குழம்பிப்போகின்றன என்று அது சொல்கிறது.

நிரலின் வேலையே சந்தேகத்துக்கு இடம் தருவதும் உண்டு. தமிழ்த் தட்டச்சுக் கருவிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் ‘அ’, ‘ம்’, ‘மா’ என்று எந்தச் செயலியில் தட்டினாலும், அந்த விசை செயலியைச் சென்றடையும் முன் வழிமறித்து அதைத் தமிழ் எழுத்தாக மாற்றிக் கொடுக்க வேண்டியது அவற்றின் கடமை. இயங்குதளம் முழுவதற்குமாக விசைப்பலகையில் கொக்கி மாட்டித்தான் இதைச் செய்யும் கருவிகள் உண்டு. தட்டும் விசைகளை ஒட்டுக்கேட்டு வங்கிக் கடவுச்சொல்லைத் திருடும் நிரலும் அதே விண்டோஸ் செயல்கூற்றைத்தான் அழைக்கிறது. அழைப்பை மட்டும் பார்க்கும் எஞ்சினுக்கு இரண்டையும் பிரித்தறிய வழி குறைவு; வாங்கிய விசையை என்ன செய்கிறது, எங்காவது எழுதிவைக்கிறதா, இணையத்தில் அனுப்புகிறதா என்பதைப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

நிர்சாஃப்ட் தளத்தின் கருவிகள் இன்னும் சிக்கலான எடுத்துக்காட்டு. நிர் சோஃபர் என்ற நிரலாளர் பல ஆண்டுகளாக இலவசமாகத் தரும் சின்னஞ்சிறு கருவிகள் அவை. பிரவுசரில் சேமித்துவைத்த, உரியவரே மறந்துபோன கடவுச்சொற்களை எடுத்துக் காட்டுபவையும் அவற்றில் உண்டு. ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் சிறு நிரலாளர்களுக்குத் தரும் தலைவலியைப் பற்றி அவர் 2009-இலேயே வெளிப்படையாகக் குமுறி எழுதினார். அவர் பக்கம் நியாயம் உண்டு. கருவியில் கள்ளம் ஏதும் இல்லை. ஆனால் ஹாக்ஐ போன்ற திருட்டு நிரல்கள் அவருடைய கருவிகளையே உள்ளே பொதிந்துவைத்து, அடுத்தவர் கணினியில் கடவுச்சொல் அள்ளப் பயன்படுத்தியதும் உண்மை. அதே கோப்பு, அதே பைட்டுகள். யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்பதில்தான் குற்றம் இருக்கிறது. அதைக் கோப்பைப் பார்த்து எந்த எஞ்சினாலும் சொல்ல முடியாது. ‘ஹேக்டூல்’, ‘ரிஸ்க்வேர்’, காஸ்பர்ஸ்கை முன்னொட்டாக இடும் ‘நாட்-ஏ-வைரஸ்’ போன்ற பெயர்கள் இந்த நடுநிலத்துக்காகவே உருவானவை. இப்படிப்பட்ட பெயர் வந்தால், ‘இதை நான்தான் வைத்தேனா?’ என்று உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆம் என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. இல்லை என்றால், கருவி நேர்மையானதாக இருந்தாலும் கவலைக்குரிய செய்திதான்.

இன்னொரு காரணம் வெறும் எண்ணிக்கை. ஓர் எஞ்சின் ஒரு லட்சம் நல்ல கோப்புகளில் ஒன்றை மட்டுமே தவறாகக் குற்றம்சாட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மிகக் கறாரான எஞ்சின் என்றுதான் சொல்வோம். ஒரு கணினியில் 5 லட்சம் கோப்புகள் இருந்தால் அப்போதும் 5 பொய் எச்சரிக்கைகள் வரும். அந்தக் கணினியில் உண்மையான தீநிரல் எதுவும் இல்லையென்றால், வந்த எச்சரிக்கைகள் அத்தனையும் பொய்யே. இதன் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும்: திருட்டு மென்பொருள் தரும் ஒரு தளத்திலிருந்து இறக்கிய கோப்பின் மேல் அதே எஞ்சின் அதே பெயரைச் சொன்னால், அங்கே தீநிரல் இருப்பதற்கான முன்வாய்ப்பே மிக அதிகம் என்பதால், அது பொய்யாக இருக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எஞ்சினின் திறன் மாறவில்லை. கோப்பு வந்த வழிதான் மாறியிருக்கிறது. உங்கள் வழக்கில் கோப்பு உருவாக்கியவரின் தளத்திலிருந்தே வந்தது என்பது அவருக்குச் சாதகமான பெரிய சான்று. ‘கிராக்’ செய்த மென்பொருளோடு வரும் குறிப்பில் ‘ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவுங்கள், அது பொய் எச்சரிக்கை’ என்று எழுதியிருப்பதை நம்பி ஏமாறுபவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

வைரஸ்டோட்டலின் ‘70-இல் 5’ என்ற கணக்கைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் அதை வாக்கெடுப்பாகவே படிக்கிறார்கள். 2004-இல் ஸ்பெயினின் ஹிஸ்பாசெக் நிறுவனம் தொடங்கி, 2012-இல் கூகுள் வாங்கிய இந்தச் சேவை மிகப் பயனுள்ளதுதான். ஆனால் அங்கே இருக்கும் எஞ்சின்கள் ஒன்றையொன்று சாராத சாட்சிகள் அல்ல. பிட்டிஃபெண்டரின் எஞ்சினை உரிமம் பெற்றுத் தம் பெயரில் ஓட்டும் நிறுவனங்கள் பல உண்டு. எனவே ஒரே முடிவு வெவ்வேறு பெயர்களில் நான்கைந்து வரிகளாகத் தோன்றலாம். நிறுவனங்கள் ஒன்றைப் பார்த்து மற்றொன்று முடிவெடுப்பதும் நடக்கிறது. இதைக் காட்டுவதற்காகக் காஸ்பர்ஸ்கை நிறுவனம் ஒரு சோதனையையே செய்து 2010-இல் வெளியிட்டது: எந்தத் தீங்கும் செய்யாத 20 கோப்புகளைத் தானே உருவாக்கி, அவற்றில் 10 கோப்புகளுக்கு மட்டும் வேண்டுமென்றே தன் எஞ்சினில் பொய்யாக வைரஸ் முத்திரை குத்தி, 20-ஐயும் வைரஸ்டோட்டலில் ஏற்றியது. பத்து நாள் கழித்துப் பார்த்தபோது, அந்த 10 கோப்புகளையும் மற்ற நிறுவனங்களும் தீநிரல் என்று சொல்லத் தொடங்கியிருந்தன. சில கோப்புகளுக்கு அப்படிச் சொன்ன நிறுவனங்களின் எண்ணிக்கை 14 வரை போனது. முத்திரை குத்தாத 10 கோப்புகளை யாரும் சீண்டவில்லை. ஆகவே எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட, எந்தெந்த நிறுவனங்கள், என்னென்ன பெயரில் சொல்கின்றன என்று பார்ப்பதே உருப்படியான வழி. அதேபோல, ‘70-இல் 0’ என்பதும் நற்சான்றிதழ் அல்ல. இன்று காலை தயாரான தீநிரலுக்கும் அந்தப் பூஜ்யம் கிடைக்கலாம்.

பொய் எச்சரிக்கை சிறு நிரலாளர்களுக்கு மட்டும் நேரும் சங்கடம் அல்ல. 2007 மே மாதத்தில் ஆன்டிவைரஸ் நிறுவனமான சைமன்டெக்கின் ஒரு புதுப்பிப்பு, எளிய சீன மொழியில் ஓடும் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டு உயிர்நிலைக் கோப்புகளை ஹாக்ஸ்டோர் என்ற தீநிரலாகக் கருதி நீக்கியது. அந்தக் கணினிகள் அதற்குப் பின் கிளம்பவே இல்லை. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட 5958 என்ற எண்ணுள்ள புதுப்பிப்பின் கதை இன்னும் மோசம். விண்டோஸ் எக்ஸ்பியின் மூன்றாம் சர்வீஸ் பேக்கில் இருக்கும் எஸ்விசிஹோஸ்ட் என்ற கோப்பை அது வைரஸ் என்று முடிவு செய்தது. விண்டோஸின் பல பின்னணிச் சேவைகளைத் தாங்கி ஓட்டுவது அந்தக் கோப்புதான். அதைப் பிடுங்கியதும் கணினிகள் ஓயாமல் மறுதொடக்கம் ஆகிக்கொண்டிருந்தன, நெட்வொர்க்கும் அறுந்துபோனது. திருத்திய புதுப்பிப்பை மெக்காஃபி விரைவிலேயே தயாரித்துவிட்டாலும், நெட்வொர்க் இல்லாத கணினிக்கு அதை எப்படி அனுப்புவது? தொழில்நுட்பப் பணியாளர்கள் ஒவ்வொரு கணினியாக நேரில் போய்ச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் ரோட் ஐலண்டு மருத்துவமனைகளும், ஆஸ்திரேலியாவில் கோல்ஸ் பேரங்காடிகளின் பணம் வாங்கும் கவுன்டர்களும் அன்று பாதிக்கப்பட்டவற்றுள் அடங்கும். 2012 செப்டம்பரில் சோஃபோஸ் தன் சொந்தப் புதுப்பிப்பு நிரலையே தீநிரல் என்று பிடித்தது. பிடித்ததை உடனே நீக்கும்படி அமைத்துவைத்திருந்த இடங்களில், தவறைத் திருத்தும் புதுப்பிப்பை வாங்க வேண்டிய நிரலே இல்லாமல் போனது. 2022 செப்டம்பர் 4 அன்று டிஃபெண்டர், குரோமியம், எலக்ட்ரான் என்ற மென்பொருள் அடித்தளங்களின் மேல் கட்டப்பட்ட பிரவுசர்களையும் செயலிகளையும்த் திறக்கும்போதெல்லாம் ‘ஹைவ்.இசட்ஒய்’ என்று அலறியது. மைக்ரோசாஃப்ட்டின் எட்ஜ் பிரவுசரும் தப்பவில்லை. விண்டோஸின் சொந்தக் கோப்பின் மீதோ, உலகமே பயன்படுத்தும் பிரவுசரின் மீதோ திடீரென எச்சரிக்கை வந்தால், அதுவும் வரையறைப் புதுப்பிப்பு (தீநிரல் அடையாளங்களின் பட்டியலுக்கான புதுப்பிப்பு) வந்த கையோடு வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ஆன்டிவைரஸைத்தான் என்பதற்கு இந்த வரலாறே போதும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, ‘அப்படியானால் உருவாக்கியவர் சொல்வதை ஏற்றுக்கொள்ளலாமே’ என்று தோன்றும். அங்கேதான் 2023-இல் நடந்த 3சிஎக்ஸ் விவகாரத்தை நினைவில் வைக்க வேண்டும். அலுவலகங்களுக்கு இணையவழித் தொலைபேசி வசதி தரும் பெயர்பெற்ற நிறுவனம் அது. ஆறு லட்சம் நிறுவனங்கள் தன் வாடிக்கையாளர்கள் என்று சொல்லிக்கொண்டது. அந்த ஆண்டு மார்ச் 22 முதல், அதன் மேசைக்கணினிச் செயலியின் புதுப்பிப்பைச் சென்டினல்ஒன் என்ற பாதுகாப்பு மென்பொருள் தடுக்கத் தொடங்கியது. கோப்பு அதிகாரபூர்வ வழியில் வந்தது. 3சிஎக்ஸ் நிறுவனத்தின் செல்லுபடியாகும் டிஜிட்டல் கையொப்பம் அதில் இருந்தது. மென்பொருளோ அன்றாடம் பயன்படுவது. ‘இது பொய் எச்சரிக்கைதானே?’ என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்திடம் கேளுங்கள் என்ற தோரணையில் பதில் வந்தது. சிலர் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து, மார்ச் 29 அன்று, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் உண்மையை வெளியிட்டது: 3சிஎக்ஸ் நிறுவனத்தின் மென்பொருள் தயாரிப்புக் கூடத்துக்குள்ளேயே புகுந்த ஊடுருவல்காரர்கள், செயலியோடு வரும் எஃப்எஃப்எம்பெக் என்ற நூலகக் கோப்பை (செயலி பயன்படுத்தும் துணைக் கோப்பை) மாற்றிவைத்திருந்தார்கள், அது இன்னொரு நூலகக் கோப்பின் வால்பகுதியில் மறைகுறியாக்கி ஒளித்த நிரலை எடுத்து நினைவகத்தில் ஓட்டியது. வட கொரியாவோடு தொடர்புடைய குழுவின் கைவேலை என்று புலனாய்வில் தெரியவந்தது. மேண்டியன்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் பின்னர் ஆராய்ந்தபோது, 3சிஎக்ஸ் ஊழியர் ஒருவர் தம் கணினியில் நிறுவிய, ஏற்கெனவே நஞ்சூட்டப்பட்ட வேறொரு மென்பொருளின் வழியாகத்தான் அவர்கள் உள்ளே வந்தார்கள் என்பது வெளிப்பட்டது.

இங்கே சென்டினல்ஒன் குற்றம்சாட்டியது கோப்பின் தோற்றத்தை அல்ல, ஓடும்போது அது நினைவகத்தில் செய்த காரியத்தை என்பதைக் கவனியுங்கள். தோற்றத்தை வைத்து வரும் ஊகத்தையும் நடத்தையைக் கண்டு வரும் எச்சரிக்கையையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். தொலைபேசிச் செயலி எதற்காக மறைகுறியாக்கிய நிரலை விரித்து நினைவகத்தில் ஓட்ட வேண்டும் என்ற கேள்விக்கு நியாயமான பதில் கிடைக்காதவரை, அந்த எச்சரிக்கையைப் பொய் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கையொப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். 2017 ஆகஸ்டில் வெளியான, கணினியைச் சுத்தம்செய்யும் சிகிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்பு, பிரிஃபார்ம் நிறுவனத்தின் முறையான கையொப்பத்தோடுதான் தீநிரலைச் சுமந்து சென்றது. செப்டம்பர் 18 அன்று விஷயம் வெளியானபோது, சுமார் 22.7 லட்சம் பேர் அந்தப் பதிப்பைப் பயன்படுத்தியிருந்ததாக அறிவித்தார்கள். அந்த ஜூலையில்தான் பிரிஃபார்மை விலைக்கு வாங்கியிருந்தது அவாஸ்ட், அதுவே ஓர் ஆன்டிவைரஸ் நிறுவனம். கையொப்பம் சொல்வதெல்லாம் ‘இந்தக் கோப்பு இன்னாரிடமிருந்து புறப்பட்டது, வழியில் மாறவில்லை’ என்பதுதான். புறப்பட்ட இடமே கெட்டிருந்தால் அதற்கு அது பொறுப்பேற்காது.

பொய்யும் அல்லாத, மெய்யும் அல்லாத எச்சரிக்கைகளும் உண்டு. 2025 மார்ச்சில் டிஃபெண்டர், கணினி விசிறியின் வேகத்தையும் விளக்குகளின் நிறத்தையும் கட்டுப்படுத்தும் ஃபேன் கன்ட்ரோல், ஓபன்ஆர்ஜிபி போன்ற செயலிகள் பயன்படுத்தும் வின்ரிங்0 என்ற டிரைவரை (வன்பொருளோடு பேச உதவும் நிரலை) தடுக்கத் தொடங்கியது. ‘பொய் எச்சரிக்கை’ என்று பயனர்கள் கொதித்தார்கள். அந்தச் செயலிகளில் தீங்கு இல்லைதான். ஆனால் அந்த டிரைவரில், பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பதிவேட்டில் சி.வி.இ-2020-14979 என்ற எண்ணில் பல ஆண்டுகளுக்கு முன்பே பதிவான பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது. கணினியில் நுழைந்துவிட்ட ஒரு சாதாரணத் தீநிரல், இந்த டிரைவரை ஏணியாகக் கொண்டு இயங்குதளத்தின் மையப் பகுதி (கெர்னல்) வரைக்கும் ஏறிவிடலாம். இப்படிப்பட்ட இடத்தில் எச்சரிக்கை தவறு என்று வாதாடுவதைவிட, மாற்று டிரைவருக்கு மாறிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்ப்பதே பயன்.

இனி உங்கள் கோப்புக்கு வருவோம். அது இப்போது தனிமைப்படுத்தப்பட்ட நிலையில் இருப்பதால் அங்கே அதனால் எந்தத் தீங்கும் செய்ய முடியாது. நீக்கவும் வேண்டாம், மீட்கவும் வேண்டாம். பழைய பதிப்பு ஓடிக்கொண்டிருந்தால் அதிலேயே வேலையைத் தொடருங்கள். டிஃபெண்டரின் வரையறைகளைப் புதுப்பித்துவிட்டு, ஓரிரு நாள் விட்டு மீண்டும் சோதியுங்கள். இயந்திரக் கற்றல் தந்த பொய் எச்சரிக்கைகளில் பல இப்படித் தாமாகவே மறைந்துவிடுகின்றன. உண்மையான தீநிரலாக இருந்தால், அதே இடைவெளியில் குற்றம்சாட்டும் நிறுவனங்களின் எண்ணிக்கை கூடும், பெயர்களும் பொதுப் பெயரிலிருந்து குறிப்பான பெயருக்கு மாறும். இந்தக் காத்திருப்பைப் போல மலிவான சோதனை வேறில்லை என்பது என் கருத்து. ஆனால் கணக்கு முடிக்கும் மாதக் கடைசியில் யாரும் அதற்குப் பொறுமை காட்டுவதில்லை.

காத்திருக்கும் நாளில் செய்ய வேண்டியவை சில. கோப்பின் பண்புகளில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா, அதில் இருக்கும் பெயர் பழைய பதிப்பில் இருந்த பெயரேதானா என்று பாருங்கள். பழைய பதிப்பில் இருந்த கையொப்பம் புதியதில் இல்லையென்றால் அது எந்த எஞ்சினின் எச்சரிக்கையைவிடவும் பெரிய அபாயக்குறி. விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் ‘கெட்-ஃபைல்ஹாஷ்’ கட்டளையால் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டு, உருவாக்கியவரிடம் தொலைபேசியில் படித்துக் காட்டி, அவர் கையில் இருக்கும் மூலக் கோப்பின் மதிப்போடு பொருந்துகிறதா என்று கேளுங்கள். தளத்தில் போட்டிருக்கும் மதிப்போடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. தளத்துக்குள் புகுந்து கோப்பை மாற்றியவன் பக்கத்திலேயே இருக்கும் ஹாஷ் மதிப்பையும் மாற்றியிருப்பான். பிறகு மைக்ரோசாஃப்ட்டின் கோப்புச் சமர்ப்பிப்புப் பக்கத்தில், தவறாகக் கண்டறியப்பட்டது என்ற வகையைத் தேர்ந்தெடுத்துக் கோப்பை அனுப்புங்கள். இது இலவசம், உருவாக்கியவர்தான் செய்ய வேண்டும் என்பதில்லை, பயனரும் செய்யலாம். வைரஸ்டோட்டலில் ஏற்றும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: அங்கே ஏற்றிய கோப்பை மற்ற பாதுகாப்பு நிறுவனங்களும் கட்டணச் சந்தாதாரர்களும் எடுத்துப் பார்க்க முடியும். நிறுவியை (மென்பொருளை நிறுவும் கோப்பை) ஏற்றுவதில் தவறில்லை. உங்கள் வாடிக்கையாளர்களின் கணக்குகள் அடங்கிய தரவுக் கோப்பை ஒருபோதும் ஏற்றாதீர்கள்.

விண்டோஸ் புரோ பதிப்பு வைத்திருந்தால், அதிலேயே இருக்கும் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் (கணினியின் மற்றப் பகுதிகளிலிருந்து பிரிந்த தற்காலிக இடம்) வசதியைத் திறந்து, நிரலை அதற்குள் நிறுவி ஓட்டிப் பார்க்கலாம்; மூடியதும் அனைத்தும் அழிந்துவிடும். ஆனால் உள்ளே எதுவும் நடக்கவில்லை என்பதைக் கொண்டு கோப்பு நல்லது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 3சிஎக்ஸ் தீநிரல் உட்கார்ந்த உடனே வெளியே பேசவில்லை; பல நாள் சும்மா இருந்துவிட்டுத்தான் தன் எஜமானரைத் தொடர்புகொண்டது.

எல்லாம் சரியாக இருந்து, வேலைக்கு அந்தப் பதிப்பு தேவையும்பட்டால், அப்போது விலக்கு அளிக்கலாம். எதற்கு அளிக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். ஃபோல்டரை விலக்கினால், இன்று அங்கே இருக்கும் கோப்புக்கு மட்டுமல்ல, நாளை அந்த ஃபோல்டரில் யார் எதைக் கொண்டுவந்து போட்டாலும் அதற்கும் சேர்த்து விலக்குக் கிடைக்கிறது. பயனர் எழுத அனுமதியுள்ள ஃபோல்டராக இருந்தால் அது தீநிரலுக்குத் திறந்துவைத்த கதவு. ‘பிராசஸ்’ விலக்கைப் பலரும் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள்: டிஃபெண்டரில் ஒரு நிரலை அந்த வகையில் விலக்கினால், அந்த நிரல் திறக்கும் கோப்புகள் எல்லாம் சோதனையிலிருந்து தப்புகின்றன, நிரலின் சொந்தக் கோப்போ தொடர்ந்து சோதிக்கப்படுகிறது. அதாவது, நீங்கள் விரும்பியதற்கு நேரெதிரானது நடக்கிறது. ஒற்றைக் கோப்பை விலக்குவது இவற்றுள் நல்லது. அதுவும் பாதையை வைத்துத்தான் வேலை செய்கிறது என்பதால், எச்சரிக்கை நீங்கிய பின் விலக்கை எடுத்துவிட வேண்டும். நிறுவனங்களுக்கான டிஃபெண்டரில் ஹாஷ் மதிப்பையோ கையொப்பச் சான்றிதழையோ வைத்து அனுமதிக்கும் வசதி உண்டு. அது இருக்குமானால் வேறெதையும் நாட வேண்டாம்.

உருவாக்கியவரிடமும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள். ‘ஃபோல்டரை விலக்குங்கள்’ என்று ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சொல்வதைவிட, வெளியிடுவதற்கு முன்பே கோப்பை ஆன்டிவைரஸ் நிறுவனங்களுக்கு அனுப்பித் தெளிவுபெறுவது அவருக்கே மிச்சம். யூபிஎக்ஸ் சுருக்கத்தைக் கைவிட்டால் சில எம்பி கூடும், அவ்வளவுதான். பைஇன்ஸ்டாலரைப் பயன்படுத்துகிறார் என்றால், ஒற்றைக் கோப்பாகக் கட்டாமல் ஃபோல்டராகக் கட்டி ஒரு முறையான நிறுவியில் வைத்துத் தரலாம். தொடக்கத் துண்டைத் தம் கணினியிலேயே தொகுத்துக்கொண்டால், மற்றவர்களின் தீநிரல்களோடு பைட்டுக்குப் பைட் ஒத்துப்போகும் சிக்கலும் குறையும். கையொப்பச் சான்றிதழுக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டியிருப்பது சிறு நிரலாளருக்குச் சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே சான்றிதழால் தொடர்ந்து கையொப்பமிட்டு வந்தால், ஒரு பதிப்புக்குச் சேர்ந்த நற்பெயர் அடுத்த பதிப்புக்கும் உதவும். கையொப்பமே இல்லாத கோப்பு, ஒவ்வொரு வெளியீட்டின்போதும் முன்பின் தெரியாத புதுக் கோப்பாகவே எஞ்சின்களின் முன் போய் நிற்கிறது. உங்கள் பழைய பதிப்பு ஆண்டுக்கணக்கில் அமைதியாக ஓடியிருக்க, புதியது வந்த அன்றே பிடிபட்டதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.